எங்கே பார்த்தீர்?

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த ஆய்வுக் கட்டுரையின் முதல் அத்தியாயம் ஒரு வாரம் கழித்து என் கைக்குத் திரும்பி வந்தது. பதினொரு பக்கங்கள். சிவப்பு மை எங்குமே தெரியவில்லை என்று முதலில் மகிழ்ந்து போனேன். பிறகுதான் ஓரங்களில் பென்சிலால் மெல்லிதாக எழுதப்பட்டிருந்ததைக் கண்டேன். ஒரே கேள்வி, பதினாறு இடங்களில்: "எங்கே பார்த்தீர்?" பதினேழாவது இடத்தில் மட்டும் ஒரு பந்தி முழுவதற்கும் பக்கத்தில் நெடுங்கோடு ஒன்று இழுத்து, வேறொன்று எழுதியிருந்தார்கள். அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதல் வாக்கியமே தப்பவில்லை. 'அறிஞர் சித்திலெப்பை 1885ஆம் ஆண்டில் எழுதிய அசன்பே சரித்திரமே ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகும்' என்பது அந்த வாக்கியம். நம் கல்லூரியில் பத்தாம் ஆண்டில் பேச்சுப் போட்டிக்காக நான் மனனம் செய்தது அது. அன்றைக்கு மேடையில் சொன்னேன், கைதட்டினார்கள், ஒரு சான்றிதழும் தந்தார்கள். உயர்தரத்தில் ஒரு கட்டுரையிலும் எழுதினேன். ஒருவரும் "எங்கே பார்த்தாய்?" என்று கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்த விடயம்தானே!

மேற்பார்வையாளரை நாங்கள் மிஸ் என்றுதான் அழைப்போம். அவரிடமே போய், "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே மிஸ்" என்றேன். "சரி, அந்த எல்லாரில் ஒருவரையாவது காட்டும்" என்றார்.

அந்த ஒருவரைத் தேடிப் போன கதைதான் இது. செயற்றிட்டம், ஆய்வு, ஒப்படை என்று பல பெயர்களில் உங்களுக்கும் நாளைக்கு இந்த வேலை வரும். பிள்ளை ஏன் மூன்றாவது தடவையும் நூலகம் போக வேண்டும் என்கிறாள் என்று யோசிக்கிற உம்மா வாப்பாமாருக்கும் இது கொஞ்சம் உதவலாம்.

முதலில் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். முகம்மது காசிம் சித்திலெப்பை 1838இல் பிறந்து 1898இல் மறைந்தவர். கண்டியில் பிரக்டராகத் தொழில் செய்தவர். 1882 டிசெம்பரில் 'முஸ்லிம் நேசன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அடுத்த மாதமே, 1883 ஜனவரியில், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒராபி பாஷா கொழும்பில் வந்து இறங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் சித்திலெப்பை எழுதிய கதை எகிப்தில் தொடங்குகிறது. தமிழகத்தில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல்தான் வெளிவந்திருந்தது. ஆறே வருடங்களில் இலங்கையிலிருந்து ஒரு தமிழ் நாவல்.

ஆனால் 'முதலாவது' என்ற சொல்லைத் தொட்டவுடன் வழக்கு ஆரம்பித்துவிடுகிறது. திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதை 1891இல் வந்தது. அதுதான் ஈழத்தின் முதல் நாவல் என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். அது ஐரோப்பாவில் வழங்கிய ஒரு பழைய வீரக் கதையின் தமிழ் வடிவம். திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளையின் மோகனாங்கி 1895இல் வந்தது. அதை எழுதியவர் இலங்கையர், அச்சிட்ட இடம் சென்னை, கதையோ நாயக்கர் காலத்தது. அசன்பே சரித்திரத்தை எடுத்துக்கொண்டால் எழுதியவர் நம்மவர், கதைக்களம் எகிப்தும் இந்தியாவும். ஆக, 'ஈழத்தின் முதலாவது தமிழ் நாவல்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எதை நாவல் என்பது? எழுதியவரின் ஊரை வைத்தா, அச்சான ஊரை வைத்தா, கதை நடக்கும் ஊரை வைத்தா ஈழத்து நூல் என்பது? ஆண்டு எது? இவற்றில் முதல் இரண்டுக்கும் நாம் வாதாடலாம். மூன்றாவதற்கு வாதாட முடியாது. பார்க்கத்தான் வேண்டும்.

பார்ப்பதற்குக் கையில் கிடைத்த கட்டுரைகளை எல்லாம் மேசையில் பரப்பினேன். சிறப்பு மலர்கள், பத்திரிகைத் துணுக்குகள், பாடசாலை இதழ்கள் என்று ஏழு கட்டுரைகள். ஏழும் 1885 என்றே சொல்லின. ஏழு சாட்சிகள் இருக்கின்றன என்று நினைத்தேன். அன்றிரவு விடுதியில் அவற்றை அடுத்தடுத்து வாசித்தபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. ஒன்றில் 'நாவலாசிரியர்' என்பதில் 'ரி' விழுந்து 'நாவலாசியர்' என்று அச்சாகியிருந்தது. இன்னொன்றிலும் அதே இடத்தில் அதே 'நாவலாசியர்'. மூன்றாவதிலும் அப்படியே! ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள், பிழையையும் சேர்த்து. மீதியையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். ஏழு சாட்சிகள் என்று நான் எண்ணியது உண்மையில் இரண்டு சாட்சிகள்தான். அந்த இருவரும் மூலநூலைக் கண்ணால் கண்டார்களா என்பது அவர்கள் எழுத்திலிருந்து தெரியவில்லை.

இஸ்லாம் பாடத்தில் ஸனத், மத்ன் என்று படித்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹதீஸின் வாசகம் மத்ன். அதை யார் யாரிடம் கேட்டு யாருக்குச் சொன்னார் என்ற அறிவிப்பாளர் தொடர் ஸனத். பரீட்சைக்காக இரண்டுக்கும் வரைவிலக்கணம் எழுதி இரண்டு புள்ளி வாங்கியிருக்கிறோம். ஒரே அறிவிப்பாளரிடமிருந்து கேட்ட ஐந்து பேர் ஐந்து தனிச் சாட்சிகள் ஆக மாட்டார்கள் என்பதை அறிஞர்கள் எத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்! என் கட்டுரையில் மத்ன் மட்டும் இருந்தது. ஸனத் இல்லை. மிஸ் கேட்டது அதைத்தான்.

இனித் தேடலுக்கு வருகிறேன். ஒரு நூலைத் தேடுவதற்கு முன் அதன் பெயரைத் தேட வேண்டும். இந்த நூலை அசன்பே சரித்திரம் என்பார்கள், அசன்பேயுடைய கதை என்றும் சொல்வார்கள். அசன்பே, அஸன்பே, ஹசன்பே, ஹஸன்பே என்று எழுத்தும் மாறும். ஆசிரியர் பெயர் சித்திலெப்பை, சித்தி லெப்பை, சித்திலெவ்வை. ஆங்கிலப் பட்டியலில் அதற்கு இன்னும் நாலு விதமான எழுத்துக்கூட்டல். நூலகக் கணினிக்கு இவை எல்லாம் வெவ்வேறு ஆட்கள். ஒரு எழுத்துக்கூட்டலில் தேடி 'இல்லை' என்று வந்ததும் எழுந்து வந்துவிட்டால், இருந்த நூலை இல்லையென்று சொல்லிவிட்டு வந்தவர்கள் ஆவோம். நான் ஒரு தாளில் எல்லா வடிவங்களையும் எழுதிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகத் தேடி, கண்டதற்குச் சரி அடையாளமும் காணாததற்குத் திகதியும் போட்டேன். காணாததையும் குறித்து வைப்பது வீண் வேலை போலத் தெரியும். இரண்டு மாதம் கழித்து, "அங்கே பார்த்தேனா?" என்று உங்களையே நீங்கள் கேட்கும்போது அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

எந்த நூலகத்துக்குப் போவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. இலங்கையில் 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அச்சகத்தாருக்கும் வெளியீட்டாளருக்கும் உரியது. அச்சாகும் நூல்களின் பிரதிகளை அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற கடமை அதன்மூலம் வந்தது. கொழும்பு நூதனசாலை நூலகம் 1877இல் தொடங்கியது. சட்டம் வந்த பின்னர் நாட்டில் அச்சான நூல்கள் அங்கு சேரலாயின. கவனித்தீர்களா, நான் தேடிய நூலுக்குச் சொல்லப்படும் ஆண்டும் அதுவேதான். ஒரு நூல் சட்டத்துக்குச் சற்று முன் வந்ததா பின் வந்ததா என்பதைப் பொறுத்து அரசாங்கப் பதிவில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பின்னாளில் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும், தேசிய சுவடிகள் காப்பகமும், 1990இல் கொழும்பு 7இல் திறக்கப்பட்ட தேசிய நூலகமும் இப்படிப் பிரதிகள் சேரும் இடங்கள் ஆயின. பழைய பத்திரிகைகளுக்குச் சுவடிகள் காப்பகம். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. நம் சமூகத்தைப் பற்றிய எத்தனையோ செய்திகள் அவற்றின் பழைய தாள்களில் கிடக்கின்றன.

ஒரே பிரதி பல இடங்களில் இருப்பது ஆடம்பரமல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஆவணங்களும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அந்த இரவோடு முடிந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறது. வெளியூரில் இருக்கும் தங்கைமார் பஸ் ஏறுவதற்கு முன் அதில் தேடிப் பாருங்கள். பயணம் மிச்சமாகாவிட்டாலும், போகிற இடத்தில் எதைக் கேட்பது என்பதாவது தெளியும்.

முதல் நாள் கொழும்புக்கு வாப்பாவும் கூட வந்தார். மகளைத் தனியாக அனுப்ப மனமில்லை. வாசிப்பு அறைக்குள் பையைக் கொண்டுபோக விடவில்லை, பேனையையும் வெளியே வைக்கச் சொன்னார்கள், பென்சில் மட்டும்தான். வாப்பா வெளியே வாங்கில் இருந்து இரண்டு பத்திரிகைகளை வரி விடாமல் வாசித்து முடித்தார். மாலையில் நான் வெறுங்கையோடு வெளியே வந்தேன். "ஒண்டும் கிடைக்கல்லயா?" என்றார். "எங்க இல்லண்டு தெரிஞ்சிட்டு வாப்பா" என்றேன். "அதுக்கா நூத்துப் பத்து மைல் வந்தம்?" என்றவர், பஸ்ஸில் வைத்து, "சரி, அடுத்த தடவ எங்க?" என்று தானாகவே கேட்டார். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: பிள்ளை வெறுங்கையோடு வரும் நாளும் ஆய்வில் ஒரு நாள்தான்.

நூல் கடைசியில் கிடைத்தது நூலகத்தில் அல்ல, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டு அலுமாரியில். முதற்பதிப்பு அல்ல, மிகப் பிற்காலத்து மறுபதிப்பு. அதைக் கையில் எடுத்தபோது இருந்த சந்தோஷத்தில், 'சித்திலெப்பை, அசன்பே சரித்திரம், 1885' என்று கொப்பியில் எழுதிவிட்டேன். மிஸ் அதையும் அடித்தார். "1885இல் அச்சான தாளையா கையில் வைத்திருந்தீர்?" இல்லை. நான் பார்த்தது மறுபதிப்பை. 1885 என்பதை அதன் முன்னுரை எழுதியவர் எனக்குச் சொன்னார். ஆகவே குறிப்பில் மறுபதிப்பின் ஆண்டும், வெளியீட்டாளரும், பக்கமும் வர வேண்டும். முதற்பதிப்பின் ஆண்டு முன்னுரையாசிரியர் வாய்மொழியாக, இன்ன பக்கத்தில் உள்ளபடி என்று வர வேண்டும். பார்த்ததைப் பார்த்ததாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுவது. உசாத்துணைக் கலையின் முக்கால்வாசி இவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன். மீதிக் கால்வாசி கால்புள்ளி, அரைப்புள்ளி. அது ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. கொடுக்கப்பட்ட முறையைக் கட்டுரை முழுவதும் மாற்றாமல் பின்பற்றினால் போதும்.

ஆனால் நமது நூல்களுக்கென்றே சில சிக்கல்கள் இருக்கின்றன, அவை ஆங்கில வழிகாட்டிகளில் வராது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. எம்.எம். உவைஸ் என்பவரை அகரவரிசையில் 'எ' இன் கீழ் வைப்பதா 'உ' இன் கீழ் வைப்பதா? அவரை 'உவைஸ், எம்.எம்.' என்று 'உ' இன் கீழ் வைப்பதே வழக்கு. முதலெழுத்துகள் வாப்பாவின் பெயருக்கும் ஊருக்கும் உரியவை, ஆளின் பெயர் கடைசியில் இருப்பது. பெண் எழுத்தாளர்களில் சிலர் திருமணத்துக்கு முன் ஒரு முதலெழுத்தோடும் பின் வேறொன்றோடும் எழுதியிருப்பார்கள். இருவரும் ஒருவரே என்று நிச்சயமாகத் தெரியாமல் சேர்த்துவிடக் கூடாது. வெளியீட்டாளரும் அச்சகமும் வேறு வேறு என்பதையும் கவனியுங்கள். உவைஸ் அவர்கள் தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பங்களிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1953இல் வந்தது. வெளியிட்டது கொழும்பின் பெரிய பதிப்பகம் எதுவுமல்ல, கண்டிக்கு அப்பால் கல்ஹின்னை என்ற கிராமத்தின் தமிழ் மன்றம். 'வெளியீடு' என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தால் ஒரு கிராமம் செய்த காரியம் என் கட்டுரையில் காணாமற் போயிருக்கும்.

ஆண்டு இன்னும் கடினம். பழைய நூல்களில் ஆங்கில ஆண்டு இல்லாமல் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருக்கும். இணையத்தில் மாற்றிப் பார்த்து ஒரு எண்ணை எழுதிவிடுவது எளிது. ஆனால் ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிடப் பதினொரு நாள் வரை குறைவானது, ஜனவரியில் தொடங்குவதும் இல்லை. ஹிஜ்ரி 1302 என்பது 1884 ஒக்டோபரில் தொடங்கி 1885 ஒக்டோபரில் முடிந்தது. மாதம் தெரியாமல் அதை 1885 என்று எழுதினால் ஒரு வருடப் பிழைக்கு இடமுண்டு. '1884-85' என்று எழுதுவதே நேர்மை. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது வருடத்துக்கு ஒரு தடவை திரும்பி வரும். பார்த்திப வருடம் என்றால் 1885 சித்திரையிலும் தொடங்கியது, 1945இலும் தொடங்கியது, 2005இலும்தான். தாளையும் எழுத்தையும் பார்த்துத்தான் எந்தப் பார்த்திப என்று தீர்மானிக்க வேண்டும். சில நூல்களில் ௧௮௮௫ என்று தமிழ் எண்களில் போட்டிருப்பார்கள். அதைக் கண்டு திகைத்து ஆண்டு 'இல்லை' என்று குறித்த தோழி ஒருத்தி உண்டு. பெயர் சொன்னால் கோபிப்பாள்.

பதினேழாவது இடத்துக்கு வருகிறேன். ஒரு பந்தியின் பக்கத்தில் நெடுங்கோடு இழுத்து மிஸ் எழுதியிருந்தது இதுதான்: "இது உமது நடை இல்லையே."

வாசித்துப் பார்த்தேன். நான்கு வாக்கியங்கள். அழகான வாக்கியங்கள். என் மனதுக்கு மிகவும் பிடித்த பந்தியும் அதுதான். நான் எழுதியது என்றே சத்தியமாக நினைத்திருந்தேன். அறைக்கு ஓடிப்போய்ப் பழைய கொப்பியைப் புரட்டினேன். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சஞ்சிகையிலிருந்து அந்த நான்கு வாக்கியங்களையும் அப்படியே பார்த்து எழுதியிருக்கிறேன். மேற்கோள் குறி இல்லை, ஆசிரியர் பெயர் இல்லை, பக்கம் இல்லை. அதே நீல மை, அதே என் கையெழுத்து. அதற்குக் கீழேயே என் சொந்த எண்ணங்கள். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

களவு என்பதற்கு ஆய்வுலகில் வைத்திருக்கும் பெயர்கள் நாகரிகமானவை. அன்றைக்கு எனக்கு அந்தப் பழைய சொல்தான் நினைவுக்கு வந்தது. ஆய்வு நிராகரிக்கப்படலாம், ஒரு வருடம் போகலாம் என்று மூத்த மாணவிகள் பயமுறுத்தினார்கள். இரவு உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து அழுதேன். முழுவதையும் கேட்டுவிட்டு உம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ வேணுமெண்டு செஞ்சியா?"

"இல்ல உம்மா."

"அப்ப அது யார்டயோ அவர்ட பேரப் போடு. போட்டுட்டு மிஸ்கிட்ட போய்ச் சொல்லு. நாளைக்கே சொல்லு."

போய்ச் சொன்னேன். கொப்பியையும் காட்டினேன். மிஸ் நீண்ட நேரம் கொப்பியைப் பார்த்துவிட்டு, பந்தியை மேற்கோளாக்கிக் குறிப்போடு திரும்பக் கொண்டுவரச் சொன்னார். அதோடு கொப்பியின் மற்றப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னார். அதற்கு எனக்குப் பதினொரு நாட்கள் பிடித்தன. இன்னும் இரண்டு இடங்கள் அகப்பட்டன, யாரும் கண்டுபிடித்திராத இரண்டு.

அதற்குப் பின் நான் குறிப்பெடுக்கும் முறையே மாறிவிட்டது. நூலைத் திறந்ததும் முதலில் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பார்த்து ஆசிரியர், நூற்பெயர், பதிப்பு, ஊர், வெளியீட்டாளர், ஆண்டு எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். அதற்குப் பிறகுதான் வாசிப்பு. பிறர் சொல் அப்படியே என்றால் பச்சை மையில், மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு. பிறர் கருத்து என் சொல்லில் என்றால் நீலத்தில், பக்க எண்ணோடு. என் சொந்த எண்ணம் பென்சிலில். கைத்தொலைபேசியில் பக்கத்தைப் படமெடுக்கிறவர்கள் தலைப்புப் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் தோழி அனுப்பிய 'பக்கம் 47' என்ற அழகான படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. எந்த நூலின் 47 என்று இன்றுவரை அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இணையத்தைப் பற்றியும் கேட்பீர்கள். கலைக்களஞ்சியப் பக்கங்கள் வழிகேட்க நல்லவை. வழி சொன்னவரையே ஊர் என்று எண்ணி அங்கே தங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் ஒருநாள் என் தலைப்புக்கு உசாத்துணை நூல்கள் கேட்டேன். ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், பக்கம் எல்லாம் போட்டு ஐந்து நூல்கள் தந்தது. பார்க்கவே நேர்த்தியாக இருந்தது. இரண்டு நாள் தேடினேன். இரண்டு நூல்கள் உண்மையானவை, ஒன்றின் ஆண்டு பிழை, மற்ற இரண்டும் உலகத்தில் இல்லாத நூல்கள். இல்லாத நூலுக்குப் பக்க எண்! அதைக் கட்டுரையில் போட்டிருந்தால் 'எங்கே பார்த்தீர்?' என்ற கேள்விக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்?

இரண்டாம் அத்தியாயத்தில் எனக்கு வேறொரு கேள்வி எழுந்தது. அசன்பே சரித்திரம் தமிழ் எழுத்தில் அச்சான நூல். அக்காலத்தில் நம் பெண்களில் பலருக்கு ஓதத் தெரியும். அதனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழை, அதாவது அரபுத் தமிழை, வாசிக்கத் தெரியும். தமிழ் எழுத்துத் தெரிந்தவர்கள் குறைவு. அப்படியானால் அந்த நாவலைப் பெண்கள் வாசித்தார்களா? கேட்டார்களா? இதற்கு நூல் தேடிக் களைத்துப்போய் உம்மம்மாவிடம் கேட்டேன். அவருக்கு 82 வயது. தன் உம்மாவுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாதென்றும், இரவில் வாப்பா உரக்க வாசிக்க, உம்மா அரிசி புடைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார் என்றும் சொன்னார். என்ன புத்தகம் என்று கேட்டேன். நினைவில்லை என்றார்.

ஆளிடம் கேட்டதும் ஒரு சான்றுதான். அதற்கும் குறிப்பு உண்டு: யார், எந்த ஊர், என்ன வயது, எந்தத் திகதி, எந்த மொழியில், கேட்டவர் யார், ஒலிப்பதிவு உண்டா. அனுமதியும் வேண்டும். உம்மம்மா, "என்ட பேரப் போடவாணாம் மகள், சும்மா ஒரு கிழவி எண்டு போடு" என்றார். அப்படியே பெயர் இல்லாமல் வயதையும் மாவட்டத்தையும் மட்டும் போட்டேன். மிஸ் அந்தப் பந்தியை இரசித்து வாசித்துவிட்டு, ஓரத்தில் எழுதினார்: "இது எந்தக் காலத்துச் சாட்சி?" உம்மம்மாவின் ஞாபகம் 1940களுடையது. 1885இல் கண்டியில் ஒரு பெண் என்ன கேட்டாள் என்பதற்கு அது சாட்சி சொல்லாது. கனத்த மனதோடு, 'பிற்காலத்தில் இத்தகைய வழக்கம் இருந்ததாக ஒருவர் நினைவுகூர்கிறார்' என்று வாக்கியத்தைச் சுருக்கினேன். பந்தி சிறுத்துப் போயிற்று. ஆனால் இப்போது அதை யாரும் அசைக்க முடியாது.

அன்றைக்கு உம்மம்மா தன் தலைமாட்டிலிருந்து ஒரு நூலையும் எடுத்துத் தந்தார். அரபுத் தமிழ்க் கல்லச்சு. முன் பக்கங்கள் இல்லை, செல்லரித்துவிட்டது. அறுபது வருடமாக ஓதிவந்த நூலின் பெயரை அவரும் 'மாலை' என்றுதான் சொல்வார். தலைப்புப் பக்கம் போன நூலுக்கு முடிவுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அதற்குள் கற்றிருந்தேன். கடைசித் தாளில் ஹிஜ்ரி 1318 இருந்தது. அதாவது 1900 மே முதல் 1901 ஏப்ரல் வரைக்குள். குறிப்பில், 'தலைப்புப் பக்கம் இல்லை, தனியார் சேகரிப்பு' என்று எழுதினேன். நூற்பெயரைத் தெரிந்தவர் ஒருவர் பின்னொரு நாள் அதை வாசித்துச் சொல்லக்கூடும்.

என் கட்டுரையின் முதல் வாக்கியம் இப்போது நான்கு வரி நீளம். ஆண்டை யார் சொன்னார், எந்தப் பதிப்பில், முன்பு வேறெதை முதலாவது என்றார்கள், நான் 'நாவல்' என்று எதைக் கொள்கிறேன் என்று எல்லாம் அதில் வருகிறது. பேச்சுப் போட்டிக்கு உதவாது.

சென்ற மாதம் உம்மா வீட்டிலிருந்து பேசினார். பழைய பேப்பர் வாங்குகிறவர் வாசலில் நிற்கிறாராம். மூத்தவாப்பாவின் தகரப் பெட்டியில் கிடக்கும் கடதாசிகளைக் கொடுத்துவிடவா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் தானே, "பொறு, என்ன எழுதியிருக்கெண்டு பாத்துட்டு வாரன்" என்று தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து, "கடக் கணக்குக் கொப்பி மகள், அம்பத்தெட்டாம் ஆண்டு, ஊர்ல யார் யாரெல்லாம் கடன் எண்டு பேரோட இருக்கு" என்றார். பேப்பர்காரர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.